மல்லேஸ்வரம் மேட்டில் பிரியும் மழை

பெங்களூரு: மல்லேஸ்வரத்தில் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே, தெரு மட்டத்திலிருந்து படிகள் இறங்கிச் செல்லும் சிறு குளம் ஒன்று உள்ளது. நந்தி தீர்த்தம் என்று பெயர். கல் நந்தியின் வாயிலிருந்து இடைவிடாது வழியும் நீர் சிவலிங்கத்தின் மீது விழுந்து குளத்தில் சேர்கிறது. நெடுங்காலம் மண் மூடிக் கிடந்த இந்தத் தலம் 1997-இல்தான் தோண்டி எடுக்கப்பட்டது. நீர் எங்கிருந்து வருகிறது என்று பக்தர்கள் இன்றும் வியக்கின்றனர். மேட்டுநிலத்தின் சரிவில் ஊற்றுகள் தோன்றுவது இயல்புதான். ஆனால், இந்த ஊற்றைப் பற்றி உள்ளூரில் சொல்லப்படும் இன்னொரு செய்தி, தமிழக வாசகர்களுக்கு முக்கியமானது. விருஷபாவதி ஆறு பிறக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதே அது. பசவனகுடி பெரிய நந்தி கோயிலே அதன் தோற்றுவாய் என்று கூறுவோரும் உண்டு. எதுவானாலும், இந்த ஆறு ராஜாஜிநகர், மைசூரு சாலை, கெங்கேரி வழியாகச் சென்று, பைரமங்களா ஏரியைக் கடந்து, அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து மேக்கேதாட்டு, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர்.

ஆக, மல்லேஸ்வரத்துக் குளியலறையில் கொட்டப்படும் நீர் தஞ்சை வயலை நோக்கிப் பயணம் புறப்படுகிறது.

தண்ணீர்த் தட்டுப்பாடு, கட்டுக்கடங்காத நகரமயமாக்கல், பருவநிலை மாற்றம், நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான நதிநீர்ப் பூசல் ஆகியவை உலகின் பெரும் புவியியல் சவால்கள் என்று மாநாடுகளில் பேசப்படுகின்றன. அவை நம் தெருமுனையில் எந்த வடிவில் வந்து நிற்கின்றன என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு. காவிரிக்காக இரு மாநிலங்களிலும் முழு அடைப்பு நடத்தியவர்களில், நந்தி தீர்த்தத்துக்கும் மேட்டூருக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மேட்டின் மீது ஒரு நகரம்

பெரும்பாலான பெருநகரங்கள் ஆற்றங்கரையில் உருவானவை. பெங்களூரு அப்படிப்பட்டதன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கும் மேலே, ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கும் நகரம் அது. வடக்கிலிருந்து தெற்காக நகரின் நடுவே ஓடும் இந்த மேடு, மழையை இரண்டாகப் பிரிக்கிறது. இதன் மேற்குப் பகுதியில் விழும் மழை, மேலே சொன்ன வழியில் விருஷபாவதிக்கும் காவிரிக்கும் செல்கிறது. மல்லேஸ்வரத்துப் பழைய தெருக்கள் அந்தச் சரிவில் உள்ளவை. கிழக்கில் விழும் மழையோ ஹெப்பாள், கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கித் தென்பெண்ணையை அடைகிறது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் இந்த வழியில் உள்ளவை. அந்த நீர் ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பின்னர் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எனக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

சில கிலோமீட்டர் இடைவெளியில் விழும் இரு மழைத்துளிகளில் ஒன்று மேட்டூருக்கும் மற்றொன்று சாத்தனூருக்கும் போகின்றன. இரண்டுமே தமிழகத்துக்குத்தான் வருகின்றன என்பதை மறந்துவிடலாகாது.

ஆறில்லாத மேட்டில் வாழ்ந்தவர்கள் ஏரிகளை வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். நம் ஊர்களின் ஏரிச் சங்கிலியைப் போன்றதே இது. மல்லேஸ்வரத்துக்கும் சதாசிவநகருக்கும் இடையில் உள்ள சாங்கி ஏரி, 1882-இல் கர்னல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளரால் நகரின் தண்ணீர்த் தேவைக்காக அமைக்கப்பட்டது. 1898-இல் நகரைப் பிளேக் நோய் உலுக்கியபோது, நெருக்கடியான பழைய பேட்டைகளிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரிவுபடுத்தப்பட்டன. காற்றோட்டமான அகன்ற தெருக்கள், குறுக்குச் சாலைகள், வீட்டைச் சுற்றி மரங்கள் என்று அக்காலத்துச் சுகாதார அறிவின்படி அமைந்த குடியிருப்பு இது. இதற்கிடையே 1896-இல் அர்க்காவதியின் குறுக்கே உள்ள ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் நகருக்கு வந்துவிட்டது. 1933-இல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. இந்த நீரைச் சுத்தம் செய்து நகருக்கு அனுப்பிய வடிகட்டி நிலையம் மல்லேஸ்வரத்தில்தான் இருந்தது.

அர்க்காவதி காவிரியின் துணை ஆறு. எனவே, 1974-இல்தான் காவிரி நீர் பெங்களூருக்கு வந்தது என்று சொல்வது முழு உண்மையன்று. அதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரம் காவிரியின் ஒரு கிளையைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கிளையை வற்றவும் செய்துவிட்டது. ஹெசரகட்டா பெரும்பாலான ஆண்டுகளில் வறண்டு கிடக்கிறது. நகரம் பரவியதால் நீர் வரும் வழிகள் அடைபட்டன.

500 மீட்டர் ஏறி வரும் நீர்

1974-இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது. சிவசமுத்திரம் அருகே எடுக்கப்படும் நீர் தொரெகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு குழாயில் வருகிறது. வழியில் மூன்று இடங்களில் பம்பு செய்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்படுகிறது. குடிநீர் வாரியத்தின் மிகப்பெரிய செலவினங்களில் இதற்கான மின்கட்டணமும் ஒன்று. முதல் கட்டத்தில் நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர் வந்தது. நான்காம் கட்டத்தின் இரண்டாம் பகுதி 2012-இல் முடிந்தபோது அது 145 கோடி லிட்டர் ஆனது. 2024 அக்டோபர் 16-இல் முதல்வர் சித்தராமையா தொடங்கி வைத்த ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டரைச் சேர்த்தது. மொத்தத் திறன் இப்போது 222.5 கோடி லிட்டர்.

அரசியல் மேடைகளில் பேசப்படும் அலகுக்கு மாற்றினால் இது ஆண்டுக்கு சுமார் 28.7 டி.எம்.சி. ஒரு நகரத்தின் குடிநீருக்கு மட்டும் இவ்வளவு. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்பதை நினைவில் கொண்டால், நகரத்தின் தாகம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இந்த ஏற்பாடும் 2024-இல் ஆட்டம் கண்டது. 2023-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நகரில் இருந்த சுமார் 14 ஆயிரம் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தெரிவித்தார். தமது வீட்டுக் கிணறும் வற்றிவிட்டது என்றார் அவர். நகரின் தேவை நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் என்றும் பற்றாக்குறை 50 கோடி லிட்டர் என்றும் முதல்வர் கூறினார். குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ ரூ.5,000 அபராதம் என்று மார்ச் மாதம் வாரியம் அறிவித்தது.

இது எதிர்பாராமல் வந்த விபத்தன்று. மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் டி.வி. ராமச்சந்திரா தலைமையிலான குழு, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் இந்நகரின் நிலப்பயன்பாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தது. 1970-களிலிருந்து நீர்நிலைகளின் பரப்பு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சுருங்கிவிட்டது என்று அது எச்சரித்தது. மழை மண்ணுக்குள் இறங்க இடமில்லாமல் கான்கிரீட் மூடிவிட்டால், கோடையில் கிணறு வறள்வதும் மழைக்காலத்தில் தெரு மூழ்குவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளே. எச்சரிக்கை இருந்தது. கேட்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் அடுத்த கட்டக் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பில் ஒரு கணக்கு

இங்கேதான் தில்லியில் நடந்த வழக்கு இந்த மேட்டைத் தொடுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் அளித்த இறுதித் தீர்ப்பில், பெங்களூரு நகரின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரி வடிநிலத்தில் உள்ளது என்று கருதி, குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டது. தேவையில் பாதி நிலத்தடி நீரிலிருந்து கிடைக்கும் என்றும் எடுத்துக்கொண்டது. நாம் மேலே கண்ட மேடுதான் அந்த மூன்றில் ஒரு பங்கைத் தீர்மானித்த கோடு. வழக்கறிஞர்களின் வாதங்களைவிட நிலத்தின் சரிவுதான் அங்கே கணக்கை எழுதியது என்றுகூடச் சொல்லலாம்.

2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு அனுமானங்களையும் ஏற்கவில்லை. குடிநீரே முதன்மையான தேவை என்றும், நகரம் வடிநிலத்துக்கு வெளியே இருப்பதால் அதன் மக்களுக்குக் குடிநீரை மறுக்கலாகாது என்றும் கருதியது. பெங்களூருக்காகக் கூடுதலாக 4.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. இதையும் சேர்த்துக் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடியது. தமிழகத்துக்கு பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது.

28.7 டி.எம்.சி. எங்கே, 4.75 எங்கே என்று வாசகர் கேட்கக்கூடும். விடை கணக்கிடும் முறையில் உள்ளது. வீடுகளுக்குத் தரப்படும் நீரில் 20 விழுக்காடு மட்டுமே செலவாகிறது, எஞ்சிய 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வந்துவிடும் என்பதே நடுவர் மன்றம் கைக்கொண்ட அளவுகோல். எனவே ஒதுக்கீட்டில் அந்த 20 விழுக்காடே இடம்பெறுகிறது. உலகெங்கும் நீர்ப் பொறியாளர்கள் ஏறக்குறைய இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். தாளில் குறை காண முடியாது.

ஆனால், அந்த 80 விழுக்காடு எங்கே திரும்புகிறது, என்னவாகத் திரும்புகிறது என்று கேட்டால் சிக்கல் தொடங்குகிறது. நகரின் மூன்றில் இரண்டு பங்கு தென்பெண்ணைச் சரிவில் இருக்கிறது. அங்கே பயன்படுத்தப்படும் காவிரி நீர் காவிரிக்குத் திரும்பாது. மேட்டைத் தாண்டி இன்னோர் ஆற்றில் விழும். மேற்குச் சரிவில் திரும்புவதோ, பெரும்பகுதி சாக்கடையாகவே திரும்புகிறது. 2015-இல் கர்நாடக அமைச்சர் ஒருவர் சட்டமன்றத்தில் அளித்த பதில் ஒன்றில், நாளொன்றுக்கு 148.2 கோடி லிட்டர் கழிவுநீர் பெங்களூரிலிருந்து இவ்விரு ஆறுகளிலும் கலப்பதாகத் தெரிவித்தார். அதில் சுமார் 89 கோடி தென்பெண்ணைக்கும் 59 கோடி காவிரிக்கும் செல்வதாகக் கணக்கு. இந்த ஒப்புதலை முன்வைத்தே தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. சுத்திகரிப்பு நிலையங்கள் அதன்பின் கூடியுள்ளன என்பது உண்மை. எனினும் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெண்ணுரை மலைபோல் பொங்குவதும், துர்நாற்றம் வீசும் அந்த நீரை ஒசூர் வட்டார விவசாயிகள் வயலுக்குப் பாய்ச்ச நேர்வதும் ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. பெள்ளந்தூர் ஏரியில் 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீ எரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தண்ணீர் தீப்பற்றும் காட்சி, அந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போகிறது என்ற கேள்வியை மட்டும் எழுப்பவில்லை.

காவிரி மேலாண்மை ஆணையம் 2018 ஜூனிலிருந்து செயல்படுகிறது. எந்த மாதத்தில் எத்தனை டி.எம்.சி. என்பதே அதன் முன் உள்ள அட்டவணை. நீரின் தரத்துக்கு அதில் ஒரு பத்தி இல்லை. இதை ஒரு குறையாகவே கருத வேண்டும்.

மேக்கேதாட்டுத் திட்டத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது நல்லது. 67.16 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட நீர்த்தேக்கம், அதிலிருந்து பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. குடிநீர் என்பது கர்நாடகத்தின் திட்டம். இதற்கு எதிரான தமிழகத்தின் மனு, உரிய காலத்துக்கு முன்பே தொடரப்பட்டது என்று கூறி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. தமிழகத்தில் இதுகுறித்து எழும் அச்சம் அணையின் அளவைப் பற்றியது. நியாயமான அச்சம்தான். ஆனால், யாரும் அதிகம் பேசாத ஒன்று உள்ளது. அர்க்காவதி காவிரியில் கலக்கும் சங்கமம், மேக்கேதாட்டுக்குச் சில கிலோமீட்டர் மேலே இருக்கிறது. விருஷபாவதி கொண்டுவரும் நகரக் கழிவு முழுவதும் அந்த இடத்தைக் கடந்தே வந்தாக வேண்டும். பெங்களூரு மக்கள் குடிப்பதற்காகக் கட்டப்படும் அணை, பெங்களூரின் சாக்கடை வந்து சேரும் வாசலில் அமையும்.

மெக்ஸிகோவிலும் இதே கதை

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்ஸிகோ நகரம், தன் ஏரிகளை வடித்து அவற்றின் மீதே வளர்ந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நகரமே ஆண்டுதோறும் அமிழ்ந்து வருகிறது. 1982 முதல் குட்ஸாமாலா என்ற தொலைதூர வடிநிலத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே பம்பு செய்து நீர் கொண்டு வருகிறார்கள். பயன்படுத்திய நீரைச் சுரங்கக் கால்வாய்களில் வடக்கே மெஸ்கிட்டால் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறார்கள். ஓரிடத்தில் எடுத்து, வேறோர் ஆற்றில் விடுவது. அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் நூறாண்டுக்கும் மேலாக நகரின் கழிவுநீரில் மக்காச்சோளம் விளைவித்து வந்தனர். அதோதோனில்கோ என்ற இடத்தில் மாபெரும் சுத்திகரிப்பு நிலையம் 2017-இல்தான் முழு அளவில் இயங்கத் தொடங்கியது.

கேப் டவுன் நகரம் 2018 பிப்ரவரியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்துக் குழாய் அடைபடும் நாளைத் தள்ளிப்போட்டது. அடுத்த ஆண்டே சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் வந்திறங்கியதை நாம் மறந்திருக்க முடியாது. நமீபியாவின் விண்டோக் நகரம் 1968-லிருந்தே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கி வருகிறது. சிங்கப்பூர் 2003 முதல் மறுசுழற்சி நீரைத் தன் விநியோகத்தில் சேர்த்துள்ளது. குடிக்க நீரின்றித் தவித்த ஊர்களே கழிவுநீரை மதிக்கக் கற்றுக்கொண்டன.

பெங்களூரும் இதை அறியாததன்று. கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரிக்கப்பட்ட நீர் 2018-லிருந்து வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்பு செய்யப்படுகிறது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா என்ற சர்ச்சை ஓயவில்லை. தென்பெண்ணைக்கு வர வேண்டிய நீர் திருப்பப்படுகிறது என்று தமிழகம் கேட்கவும் இடமுண்டு. நுரை வந்தால் மாசு என்கிறோம், நுரையும் வராவிட்டால் உரிமை என்கிறோம் என்று யாரேனும் நம்மைக் கேலி செய்தால், பதில் சொல்லச் சற்றுத் தயங்கத்தான் வேண்டியிருக்கும். சுத்தமான நீர், உரிய அளவில் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்கும் வழக்கைத் தமிழகம் இன்னும் வலுவாக நடத்தவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஏகோஜியின் கல்வெட்டு

காடு மல்லேஸ்வரர் கோயில் பகுதியில் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மல்லபுரத்து மல்லிகார்ஜுனருக்கு ஒரு கிராமத்தை மானியமாக அளித்தவர், சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜி. அந்த மல்லபுரமே இன்றைய மல்லேஸ்வரம். அடுத்த சில ஆண்டுகளில் இதே ஏகோஜிதான் தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய அரசை நிறுவினார். ஆற்றின் தலைமாட்டில் ஒரு கோயிலும் கால்மாட்டில் ஒரு நாடும் ஒருவரிடமே இருந்த காலம் அது. அவர் ஒருவேளை இந்த இரண்டையும் இணைக்கும் நீர்வழியை அறிந்திருக்கமாட்டார். நாம் அறிந்தும் மறந்திருக்கிறோம்.

மறதிக்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். 1991 டிசம்பரில் நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி மூண்ட கலவரத்தில் பெங்களூருத் தமிழர்கள் தாக்கப்பட்டனர். 2016 செப்டம்பர் 12-இல் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் மீண்டும் முழு அடைப்பு. மல்லேஸ்வரத்தை ஒட்டிய ஸ்ரீராமபுரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் குடிப்பதும் அதே காவிரி நீரே. அவர்கள் வீட்டுக் கழிவுநீரும் அதே விருஷபாவதியில்தான் விழுகிறது. யார் நீரை யார் குடிக்கிறார்கள் என்ற முழக்கம் அந்தத் தெருக்களில் பொருளற்றுப் போகிறது.

ஐந்தாம் கட்டக் குடிநீர் முதன்மையாக, நகரத்துடன் பின்னர் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கானது. அவற்றில் கணிசமானவை மகாதேவபுரா, பொம்மனஹள்ளி போன்ற கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில், அதாவது தென்பெண்ணைச் சரிவில் உள்ளவை. சிவசமுத்திரத்தில் எடுக்கப்பட்டு, 500 மீட்டர் ஏறி, அந்த வீடுகளின் குழாய்களில் இறங்கும் காவிரி நீர், மறுநாள் கெலவரப்பள்ளி மதகை நோக்கிப் புறப்படுகிறது. அங்கே அது எந்த நிலையில் வந்து சேரும் என்பதற்கு இதுவரை எந்த அட்டவணையும் எழுதப்படவில்லை.